அலுவலக நேர்மை, மத நம்பிக்கை பற்றிய ஆன்லைன் பயிற்சி: வாங்கலாமா?

வேலையிடத்தில் நேர்மை, வேலையிடத்தில் ஒருவரின் மத நம்பிக்கை, இந்த இரண்டையும் சேர்த்து ஒரே பயிற்சியாகத் தரும் ஆன்லைன் கோர்ஸ் ஒன்றை எங்கள் அலுவலகம் வாங்கி, எல்லோரும் முடித்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. நிறுவனங்களுக்கு மட்டும்தான் விற்கிறார்கள், தனி ஆள் வாங்க முடியாது. பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் பாதி இந்த வகைப் பயிற்சிகள் பலவற்றிலும் இருப்பவை, அதனால் எந்தக் கோர்ஸை வாங்குவதாக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாதிக்காக இதைத் தாராளமாக வாங்கலாம். முற்பாதியைத் திருத்தி எழுதாமல் யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாது.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவன், கடவுள் நம்பிக்கை உள்ளவன். பொய்க் கணக்கு எழுதக் கூடாது என்பதை நான் எந்த நிறுவனத்தின் கையேட்டிலிருந்தும் கற்றுக்கொள்ளவில்லை, வீட்டில் கும்பிடக் கற்றுக்கொண்டபோதே அதுவும் சேர்ந்து வந்தது. அதனால் நேர்மையையும் நம்பிக்கையையும் ஒன்றாக வைத்து ஒரு பயிற்சி வருகிறது என்றதும் ஆர்வமாகத்தான் உட்கார்ந்தேன்.

முதல் பகுதி வழக்கமான நடத்தை விதிகள். கண்ணாடி மேசை, கோட் போட்டவர்கள், கைகுலுக்கல், பின்னணி இசை. இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து வரும் கேள்வி பதில் பகுதியில்தான் முதல் ஏமாற்றம். ஒரு ஒப்பந்ததாரர் உங்களுக்கு விலையுயர்ந்த கைக்கடிகாரம் தருகிறார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டு மூன்று விடைகள் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்வேன், வாங்கி ஒளித்து வைப்பேன், மறுத்துவிட்டு மேலாளரிடம் சொல்வேன். இதில் யார் தப்பான விடையைத் தேர்வு செய்வார்கள்? லஞ்சம் வாங்குகிறவனும் மூன்றாவதைத்தான் தொடுவான். உண்மையில் அலுவலகத்தில் நம்மைச் சோதிப்பவை இப்படிப் பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும் தவறுகளா? மாதக் கடைசியில், அடுத்த மாதம் போகவேண்டிய சரக்கின் பில்லை இந்த மாதத் தேதி போட்டு எழுதித் தரச் சொல்கிறார்கள். சோதித்துப் பார்க்காத ஒன்றைச் சோதித்தாயிற்று என்று டிக் போடச் சொல்கிறார்கள். இன்னும் பேக் கூட ஆகாத பொருளை, "கிளம்பிடுச்சுன்னு சொல்லிடுங்க" என்கிறார்கள். அறைக்குள் உட்கார்ந்துகொண்டே "நான் இல்லைன்னு சொல்லிடுப்பா" என்கிறார் மேலதிகாரி. கேட்பவர்கள் கெட்டவர்களும் இல்லை. நமக்குக் காய்ச்சல் என்றால் விசாரிக்கிறவர்கள், நம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் வாங்கித் தந்தவர்கள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றுதான் கேட்பார்கள், அதட்ட மாட்டார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த நமக்கு அங்கே இல்லை என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை இந்தப் பகுதியை எழுதியவர்கள் கொஞ்சம்கூட யோசித்ததாகத் தெரியவில்லை. நன்றியும் நேர்மையும் எதிரெதிரே வந்து நிற்கும் இடம் அது. அங்கே உதவாத பயிற்சியால் என்ன பயன்?

மூன்றாம் பகுதிதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைத்தது. மனிதர்களை நேர்மையாக நடக்க வைக்க அறிவியல் கண்டுபிடித்த எளிய வழிகள் என்று ஒரு வீடியோ. அதில் வருபவர் சொல்கிறார்: படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்காதீர்கள், மேலே வாங்குங்கள், "நான் எழுதுவதெல்லாம் உண்மை" என்று முதலிலேயே கையெழுத்துப் போட்டவர்கள் குறைவாகப் பொய் சொல்கிறார்கள், இது நிரூபிக்கப்பட்டது என்று. இந்த ஆய்வின் கதை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் வீடியோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். 2012இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரை அது. அதில் ஒரு பகுதி, கார் காப்பீடு எடுத்தவர்கள் தங்கள் வண்டி எத்தனை மைல் ஓடியது என்று எழுதித் தந்த கணக்கை வைத்துச் செய்தது. 2020இல் அதே ஆசிரியர்களும் வேறு சிலரும் சேர்ந்து இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது கையெழுத்து மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் வித்தியாசம் எதுவும் வரவில்லை, அதையும் அதே இதழில் வெளியிட்டார்கள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 2021 ஆகஸ்டில் டேட்டா கொலாடா என்ற பெயரில் எழுதும் ஆய்வாளர்கள் அந்தப் பழைய கார் தரவைத் திறந்து பார்த்து, அது ஜோடிக்கப்பட்டது என்று காட்டினார்கள். நிஜத்தில் வண்டி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு நடுத்தர அளவுக்குத்தான் ஓட்டியிருப்பார்கள், மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ ஓட்டியவர்கள் சிலரே இருப்பார்கள். அந்தத் தரவிலோ பூஜ்யத்திலிருந்து ஐம்பதாயிரம் மைல் வரை எல்லா அளவிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் ஆட்கள், அதற்கு மேல் ஒருவர்கூட இல்லை. போதாக்குறைக்கு எக்செல் கோப்பில் எண்கள் இரண்டு வேறு எழுத்துருக்களில் இருந்தன. அடுத்த மாதமே அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

நேர்மையைப் பற்றிய கட்டுரையே பொய்த் தரவில் நின்றது என்பது உலகம் முழுக்கச் செய்தியான விஷயம். ஒரு நேர்மைப் பயிற்சி அதையே எடுத்து நிரூபிக்கப்பட்ட உண்மை என்று பாடம் நடத்துகிறது என்றால், இதைத் தயாரித்தவர்கள் தங்கள் பாடத்தை ஒருமுறையாவது சரிபார்த்தார்களா? நிறுவனத்தின் உதவி மையத்துக்கு விவரமாக எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி, உள்ளடக்கக் குழுவுக்கு அனுப்பியுள்ளோம்" என்று பதில் வந்தது. அப்புறம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதே வீடியோவைத்தான் பார்த்தார்கள். எனக்கு இந்த ஒன்றே போதும், அந்தப் பகுதிக்கு மதிப்பெண் கிடையாது. தவறு என்று தெரிந்த பிறகும் அதை வைத்தே விற்பது எந்த நடத்தை விதியில் அடங்கும்?

அதே வீடியோவில் இன்னொன்றும் வருகிறது, நம்பிக்கையாளர்களுக்கு இனிப்பாக இருக்கும் ஆய்வு அது. தேர்வு எழுதும் மாணவர்களை முதலில் பைபிளின் பத்துக் கட்டளைகளை நினைவுபடுத்தி எழுதச் சொன்னால் அவர்கள் ஏமாற்றுவது நின்றுவிடுகிறது என்று 2008இல் வெளிவந்தது. கேட்டதும் மனசு குளிரத்தான் செய்யும், கடவுளின் பெயரைச் சொன்னாலே மனிதன் திருந்துகிறான் என்று அறிவியலே சொல்கிறதே என்று. ஆனால் 2018இல் பல நாடுகளின் ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்து, முன்கூட்டியே முறையை அறிவித்துவிட்டு, அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. பத்து வரியை நினைவுபடுத்துவதால் ஒருவனுக்குக் கொஞ்ச நேரத்துக்கு வந்து போவதை நம்பிக்கை என்று நான் நினைக்கவில்லை. வருடக்கணக்கில் தினமும் கைகூப்பி, தினமும் தன்னையே கேட்டுக்கொண்டு, சின்னச் சின்ன விஷயத்தில் நஷ்டப்பட்டுப் பழகி வருவது அது. அதை ஒரு நிர்வாகத் தந்திரமாக, படிவத்தில் சேர்க்கும் ஒரு வரியாக மாற்றப் பார்ப்பதே எனக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது.

எங்கள் அலுவலகத்தில் இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மனிதவளப் பிரிவு பயணச் செலவுப் படிவத்தின் தலையில் ஒரு உறுதிமொழியைச் சேர்த்தது. செலவுக் கணக்கைச் சரிபார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், வந்த கணக்குகளில் எந்த மாற்றமும் தெரியவில்லை. பில் இணைக்காமல் பணம் கிடையாது என்று கண்டிப்பாக்கியபோதுதான் மாற்றம் வந்தது.

இனி நல்லது. நான்காம் பகுதி முழுவதும் மத நம்பிக்கை பற்றியது, இதை யார் எழுதினார்களோ அவர்களுக்கு என் வணக்கம். எடுத்தவுடன் உரிமையிலிருந்து தொடங்குகிறார்கள். 1948இன் மனித உரிமைப் பிரகடனம் 18ஆம் பிரிவில் மனசாட்சி, மதச் சுதந்திரத்தைச் சொல்கிறது, மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் ஒப்பந்தம், 1958இல் வந்தது, வேலையில் மதத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் ஒரு படி மேலே போய், மதம் இல்லாதவருக்கும் அதே பாதுகாப்பைத் தருகிறது. இவற்றைப் பட்டியலாக ஒப்பிக்காமல் ஒவ்வொன்றையும் ஒரு ஊழியரின் நிலைமையோடு சேர்த்துச் சொல்லியிருப்பதால் மனதில் நிற்கிறது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்கத் தபால்காரர் ஒருவரின் வழக்கு. ஞாயிற்றுக்கிழமை தன் மதப்படி ஓய்வுநாள் என்பதால் அன்று வேலை செய்ய மாட்டேன் என்றார் அவர். பார்சல் விநியோகம் ஞாயிறும் உண்டு என்று ஆனபோது சிக்கல் வந்தது, ஒழுங்கு நடவடிக்கை வந்தது, வேலையை விட்டார், வழக்குப் போட்டார். 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அவர் பக்கமாகச் சட்டத்தை விளக்கினார்கள். ஏதோ கொஞ்சம் செலவாகிறது என்று சொல்லி ஒரு ஊழியரின் மதக் கோரிக்கையை நிறுவனம் மறுக்க முடியாது, தன் தொழிலின் அளவைப் பார்த்தால் கணிசமான சுமை என்று காட்ட வேண்டும், உடன் வேலை செய்பவர்களுக்கு அந்த மதமே பிடிக்கவில்லை என்பது சுமைக் கணக்கில் வராது என்று.

இந்த வழக்கைக் கேட்டபோது என் மனதில் ஓடியது வேறு. அந்தத் தபால்காரர் ஒவ்வொரு ஞாயிறும் வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாமே? எத்தனை பேர் அப்படித்தான் செய்கிறார்கள்! விரதம் இருக்கிறேன், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போக வேண்டும், இன்றைக்கு எங்களுக்குப் பண்டிகை என்று சொன்னால் மேலாளர் முகம் மாறும் என்று தெரிந்து, பாட்டி இறந்துவிட்டாள் என்றோ தலைவலி என்றோ சொல்லி விடுப்பு எடுக்கிறவர்களை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். கடவுளைக் கும்பிடப் போவதற்காக ஒருவரைப் பொய் சொல்ல வைக்கும் அலுவலகம், மறுநாள் காலையில் அதே ஆளிடம் நேர்மையாகக் கணக்கு எழுது என்று எந்த முகத்தோடு கேட்கும்? மத நம்பிக்கைக்கு இடம் கொடுப்பது ஒரு சலுகை, ஒரு நல்லிணக்க விஷயம் என்றே இந்தக் கோர்ஸும் பேசுகிறது. அது நேர்மை விஷயமும்கூட. உண்மையான காரணத்தைச் சொல்லி விடுப்புக் கேட்க முடிகிற இடத்தில்தான் உண்மையான தேதியைப் போட்டு பில் எழுதவும் முடியும், உண்மை பேசினால் அடி விழாது என்ற அதே பழக்கம்தானே இரண்டுக்கும் வேண்டும். நேர்மைக்கு ஒரு பகுதி, நம்பிக்கைக்கு ஒரு பகுதி என்று பிரித்துப் போட்டவர்கள் இந்த இணைப்பைத் தவறவிட்டது பெரிய இழப்பு. ஆனாலும் மதக் காரணத்துக்காக நேர மாற்றம் கேட்கும் மாதிரிக் கடிதம் ஒன்று தந்திருக்கிறார்கள். கூச்சமும் கெஞ்சலும் இல்லாமல் நேராக இருக்கிறது, அதையே எடுத்துப் பயன்படுத்தலாம்.

மேலதிகாரி தன் மதத்தைக் கீழே இருப்பவர்களிடம் எவ்வளவு பேசலாம் என்பதையும் நன்றாகக் கையாண்டிருக்கிறார்கள். கூட்டத்துக்கு முன் எல்லோரும் சேர்ந்து ஒரு பிரார்த்தனை செய்யலாமா என்று மேலாளர் அன்பாகத்தான் கேட்கிறார், வற்புறுத்தவில்லை. ஆனால் வருடக் கடைசியில் மதிப்பெண் போடும் கை அவருடையது. வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பவரின் முகத்தை அந்த வீடியோவில் காட்டுகிறார்கள். நம்பிக்கை உள்ள மேலாளர்கள் எல்லோரும் அந்த இரண்டு நிமிடத்தைப் பார்க்க வேண்டும். ஒருவரை நடிக்க வைத்து வாங்கும் வழிபாடு அவருக்கும் பாவம், வாங்குகிறவருக்கும் பாவம்.

இந்தப் பகுதியில் ஒரே ஒரு ஓட்டை, ஆனால் பெரிய ஓட்டை. நம்பிக்கை உள்ளவரும் ஏமாற்றுவார், நம்பிக்கையைக் காட்டியே ஏமாற்றுவார் என்பதைத் தொடவே இல்லை. யாரையும் புண்படுத்திவிடக் கூடாது என்று ஒதுங்கியிருப்பார்கள் போல. கணக்கு மோசடியில் வீழ்ந்த அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரான். அதன் தலைவர் கென்னத் லே, பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர் ஒருவரின் மகன், தன் நம்பிக்கையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். அந்த நிறுவனத்தின் நடத்தை விதிகள் 2000இல் அவருடைய முன்னுரையோடு 64 பக்கப் புத்தகமாக எல்லா ஊழியருக்கும் போனது. மரியாதை, நேர்மை எல்லாம் அதில் இருந்தன. 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. 2006இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்று சொன்னது, தண்டனை அறிவிக்கும் முன்பே இறந்துவிட்டதால் சட்டப்படி அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. 2008இல் பிடிபட்ட அமெரிக்க நிதி முதலீட்டாளர் பெர்னார்ட் மேடாஃபின் மோசடியில் பணத்தை இழந்தவர்களில் அவருடைய சொந்த யூதச் சமூகத்தின் அறக்கட்டளைகள் பல. "நம்ம ஆளுதானே" என்ற ஒரு நினைப்பு வந்துவிட்டால் ரசீது கேட்க மாட்டோம், இரண்டாவது கையெழுத்து கேட்க மாட்டோம், கேட்பதே அவமரியாதை என்று தோன்றும். கோயில் கணக்கானாலும் தேவாலயக் கணக்கானாலும் பள்ளிவாசல் கணக்கானாலும் தணிக்கை வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான். நம்பிக்கை உள்ளவன்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். எங்கள் கிடங்கில் இருக்கும் ஒருவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, அதை மறைப்பதும் கிடையாது. இருப்புக் கணக்கெடுப்பின்போது தணிக்கையாளர் வந்துவிட்டார், ஒரு அடுக்கு எண்ணப்படவில்லை, "போன தடவை எண்ணினதுதானே, கையெழுத்துப் போடுங்க" என்று நெருக்கினார்கள். "நான் எண்ணாததுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்றார் அவர், சத்தம்கூட உயர்த்தவில்லை. எல்லோரும் காத்திருந்து, எண்ணி முடித்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. எனக்கு நேர்மை என் வழிபாட்டிலிருந்து வருகிறது, அவருக்கு வேறெங்கிருந்தோ வருகிறது. வேலையிடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: முடியாது என்று சொன்ன பிறகும் மறுநாள் வேலை இருக்க வேண்டும்.

ஐந்தாம் பகுதி அதைத்தான் எடுத்துக்கொள்கிறது, இந்தக் கோர்ஸின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எப்படி மறுப்பது என்று வாயால் சொல்லிப் பழக வைக்கிறார்கள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் கேட்க, மற்றவர் மறுக்க வேண்டும். முதலில் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. "சார், சரக்கு அஞ்சாம் தேதிதான் போகுது, அந்தத் தேதி போட்டு இப்பவே ரெடி பண்ணித் தந்துடறேன்." "இதை ஒரு மெயில்ல கேட்டுடுங்க சார், செய்ய முடியுமான்னு பார்த்துச் சொல்றேன்." "சார் இப்ப பேச முடியாத நிலைமையில இருக்கார், நாலு மணிக்குக் கூப்பிடச் சொல்லவா?" கடைசியில் உள்ளதைப் பாருங்கள், பொய்யும் இல்லை, மேலதிகாரியைக் காட்டிக்கொடுத்ததும் இல்லை. மறுப்போடு கூடவே செய்யக்கூடிய ஒன்றையும் முன்வைக்கச் சொல்கிறார்கள், அதனால் பேச்சு சண்டையாக மாறுவதில்லை. கடவுளைக் காரணமாகச் சொல்லலாமா என்பதற்கும் பதில் இருக்கிறது: கணக்கு விதி, சட்டம் போன்ற எல்லோருக்கும் பொதுவான காரணத்தை முதலில் சொல்லுங்கள், உங்கள் நம்பிக்கையைச் சொல்ல விரும்பினால் "என்னால் முடியாது" என்று உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், கேட்டவரைப் பாவியாக்காதீர்கள் என்று. முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

இங்கே அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமின் கதையைச் சொல்கிறார்கள். உள்தணிக்கைத் தலைவராக இருந்த சிந்தியா கூப்பரும் அவர் குழுவும் இரவில் யாருக்கும் தெரியாமல் கணக்குகளைத் தோண்டி, செலவைச் சொத்தாகக் காட்டிய 380 கோடி டாலர் மோசடியை 2002இல் வெளியே கொண்டுவந்தார்கள். நல்ல கதை, நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நான் இந்தப் பகுதியை எழுதியிருந்தால் அதே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இடைநிலைப் பதவியில் இருந்த பெட்டி வின்சனைப் பற்றித்தான் அதிக நேரம் பேசியிருப்பேன். பொய்ப் பதிவுகளைப் போடச் சொன்னபோது அவருக்கு அது தவறு என்று தெரியும், ராஜினாமா செய்யும் யோசனைகூட வந்தது. இந்த ஒரு தடவைதான் என்றார்கள், நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள், குடும்பமும் சம்பளமும் கண்முன் நின்றன. போட்டார். அடுத்த காலாண்டும் கேட்டார்கள், மறுபடியும் போட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, வழக்கில் ஒத்துழைத்து, கடைசியில் ஐந்து மாதச் சிறை, ஐந்து மாத வீட்டுக்காவல். நம்மில் பெரும்பாலோர் கூப்பர் ஆகும் இடத்தில் இல்லை. வின்சன் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் இருக்கிறோம், அந்த முதல் தடவையில் என்ன சொல்வது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

புகார் செய்யும் வழி பற்றிய பாடமும் உருப்படியானது. மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பிடிபட்ட மோசடிகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் கொடுத்த தகவலால் வெளிவந்தவை, அந்தத் தகவல்களில் பாதிக்கு மேல் ஊழியர்களிடமிருந்து வந்தவை. தகவல் தருபவரைக் காப்பாற்றாத நிறுவனம் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 வழிகாட்டுச் சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் உள்ளேயே புகார் வழி வைத்திருக்க வேண்டும், புகார் கிடைத்தது என்று ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும் என்கிறது. இந்தக் கெடுக்களை வைத்து உங்கள் அலுவலகத்தின் வழியைச் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு பயிற்சி தருகிறார்கள். நாங்கள் செய்தோம். புகார் மின்னஞ்சலை யார் படிக்கிறார்கள், அவரைப் பற்றியே புகார் என்றால் யாருக்கு எழுதுவது என்று கேட்டோம். பதில் வர நேரமெடுத்தது, ஆனால் வந்தது, இப்போது அது அறிவிப்புப் பலகையிலும் இருக்கிறது. இந்தப் பயிற்சியால் எங்களுக்குக் கிடைத்த கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பலன் அதுதான்.

இனி எனக்குள்ள மிகப் பெரிய குறை. மேலாளர்களுக்கு அவர்களுடைய நேரம் கருதி என்று ஒரு சுருக்கப் பதிப்பு விற்கிறார்கள். அதில் ஐந்தாம் பகுதி கிடையாது! பொய் கேட்கும் நெருக்கடி மேலிருந்துதானே வருகிறது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்குகளோ சேவைகளோ விற்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள், கீழே இருந்தவர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது, சுமார் 5,300 பேர் வேலையிழந்தார்கள். நேர்மைக் குறைவு அந்த 5,300 பேரிடம் மட்டும்தான் இருந்ததா? எட்டு என்று எண் போட்டவரிடம் இல்லையா? முடியாத இலக்கைக் கொடுத்துவிட்டு நேர்மைச் சான்றிதழ் கேட்பது, ஓட்டைப் பானையைக் கொடுத்துத் தண்ணீர் ஏன் குறைந்தது என்று கேட்பது போல. முடியாது என்று சொல்லக் கீழே இருப்பவர் பழகினால் மட்டும் போதுமா, அதைக் கேட்டுக்கொள்ள மேலே இருப்பவரும் பழக வேண்டாமா?

மற்றபடி சின்ன விஷயங்கள். கைபேசியில் நன்றாக ஓடுகிறது. வீடியோவை வேகமாக ஓட்ட முடியாது, ஐந்தாம் பகுதியில் அது நல்லது, முதல் பகுதியில் கொடுமை. தேர்வில் தவறினால் அதே கேள்விகள் அதே வரிசையில் திரும்ப வருகின்றன, யோசிக்காமல் தட்டித் தட்டியே பாஸ் ஆகிவிடலாம். கலந்துரையாடல் கையேடு அருமை, அதை மட்டும் தனியாக விற்றாலும் வாங்குவேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று. நான்காம், ஐந்தாம் பகுதிகளுக்கு மட்டும் என்றால் நாலரை. வாங்குவதாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: திரும்பப் பெறப்பட்ட ஆய்வை எடுத்துவிட்டார்களா, பகுதிகளைப் பிரித்துத் தருவார்களா, மேலாளர்களுக்கும் முழுப் பதிப்பைப் போடலாமா. எங்களுக்குப் பிரித்துத் தந்தார்கள். இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்கையும் ஐந்தையும் மட்டும்தான் போடுகிறோம், அந்தந்தப் பிரிவின் மேலாளரும் கூடவே உட்கார்ந்து அந்த இரண்டிரண்டு பேர் பயிற்சியைச் செய்கிறார். கேட்பவராக ஒருமுறை, மறுப்பவராக ஒருமுறை.